அம்மாவின் பாஸ்புக்கும் "ஊருக்குப் பங்கு" என்ற பேச்சும்: ஒரு வழக்கறிஞரின் பதில்

கடிதத்தின் சுருக்கம்

கடலூர் முதுநகரை ஒட்டிய மீனவக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கருவாட்டு வியாபாரம் செய்பவர். ஊரின் மகளிர் சுயஉதவிக் குழு ஒன்றுக்கு ஊக்குநர். 2004 சுனாமியில் தாயாரை இழந்தவர். தாய்மாமன் வீட்டுத் தகரப் பெட்டியில் தாயாரின் பாஸ்புக் ஒன்று அண்மையில் கிடைத்திருக்கிறது. கடைசிப் பதிவு 2004 நவம்பர். இருப்பு ஏறத்தாழ 20,000 ரூபாய். நாமினி பெயர் எழுத வேண்டிய இடம் காலி. அதை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போனால், "பத்து ஆண்டு தாண்டிவிட்டது, பணம் அரசாங்கத்துக்குப் போய்விட்டது" என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். "அம்மா பணத்தில் உனக்கு என்ன பங்கு?" என்று கேட்கிறார் வெளிநாட்டில் இருக்கும் தம்பி. தந்தையும் தந்தைவழிப் பாட்டியும் இப்போது உயிரோடு இல்லை.

இதற்கிடையே ஊருக்குள் ஒருவர் வந்திருக்கிறார். யாரும் கேட்காத வங்கிப் பணத்தை மத்திய அரசு கடலோர மக்களுக்கும் பட்டியலின மக்களுக்கும் பிரித்துக் கொடுக்கப்போகிறது, பெயர் பதிய 500 ரூபாய், ஆதார் நகல், வெற்றுத்தாளில் கையெழுத்து என்று கேட்டிருக்கிறார். வசூலித்துத் தரும் பொறுப்பு இந்தச் சகோதரியிடம் வந்திருக்கிறது. சிலரிடம் வாங்கியும் விட்டார். ஊர்ப் பஞ்சாயத்திலோ, நம் பகுதிக் கிளைகளில் கிடக்கும் பணத்தை நம் ஊருக்கே ஒதுக்கும்படி மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்கலாமா என்ற யோசனை ஓடுகிறது. அப்படி ஒதுக்கினால் அதை மேற்பார்வை பார்ப்பது யார் என்பது அவருடைய கடைசிக் கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

ஐந்தாறு கேள்விகளை ஒரே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் ஓர் அவசர வேலை இருக்கிறது. அந்த நபருக்காக வாங்கிய பணம் இன்னும் உங்கள் கையில் இருந்தால், யார் யாரிடம் எவ்வளவு வாங்கினீர்களோ அவரவரிடம் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே அவரிடம் போய்விட்டது என்றால், கொடுத்த தேதி, தொகை, அவருடைய தொலைபேசி எண் எல்லாவற்றையும் இன்றே எழுதி வையுங்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன். முதலில் அம்மாவின் பணம்.

பணம் எங்கே இருக்கிறது?

"அரசாங்கத்துக்குப் போய்விட்டது" என்று கிளையில் சொன்னது சரியல்ல. வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் 1949-இல் 26ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. பத்து ஆண்டுகள் வாடிக்கையாளர் தொடாத கணக்கின் இருப்பை ரிசர்வ் வங்கி பராமரிக்கும் வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதியத்துக்கு அனுப்ப வேண்டும் என்கிறது அது. நிதியம் 2014-இல் நடைமுறைக்கு வந்தது. உங்கள் அம்மாவின் கணக்கில் கடைசி வரவு செலவு 2004 நவம்பர் என்பதால், 2014 முடியும் தறுவாயில் பணம் அங்கே போயிருக்க வேண்டும்.

அங்கே போனதால் உரிமை போகவில்லை. வைப்பாளரோ அவருடைய வாரிசுகளோ எப்போது கேட்டாலும், அதே வங்கி பணத்தைக் கொடுத்துவிட்டு நிதியத்திடமிருந்து ஈடு பெற்றுக்கொள்ள வேண்டும். இதற்குக் கடைசித் தேதி கிடையாது. சேமிப்புக் கணக்குக்கு வட்டியும் உண்டு: 2018 ஜூன் வரை ஆண்டுக்கு 4 சதவீதம், அதன்பின் 3.5, 2021 மே 11 முதல் 3 சதவீதம் தனிவட்டி. 2014 இறுதியில் 20,000 ரூபாய் போனது என்று வைத்துக்கொண்டால், 2018 ஜூன் வரை 2,800 ரூபாய், 2021 மே வரை இன்னும் ஏறத்தாழ 2,000, அதற்குப் பின் ஆண்டுக்கு 600. நிதியத்துக்குப் போவதற்கு முந்தைய பத்து ஆண்டுகளுக்குச் சேமிப்புக் கணக்கு வட்டியும் சேர்ந்திருக்க வேண்டும். கணக்கைக் கேட்டு வாங்குங்கள். "பாஸ்புக்கில் உள்ள தொகை மட்டும்தான்" என்று யாரேனும் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கணக்கைத் தேட ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் தொடங்கிய உத்கம் என்ற இணையதளம் இருக்கிறது. பெயர், வங்கி, அதோடு வாக்காளர் அடையாள அட்டை எண், பிறந்த தேதி போன்ற ஓர் அடையாளத்தைக் கொண்டு தேடலாம். ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். இருபது ஆண்டுக்கு முந்தைய பதிவுகளில் நம் பெண்களின் பெயர் ஓரிடத்தில் தந்தை முன்னெழுத்தோடும் இன்னோரிடத்தில் கணவர் முன்னெழுத்தோடும் இருக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டலும் கிளைக்குக் கிளை மாறும். ஒரு வகையில் கிடைக்கவில்லை என்றால் இன்னொரு வகையில் தேடுங்கள். உங்களிடம் பாஸ்புக்கே இருப்பதால் இந்தத் தேடல் கூடுதல் உறுதிக்குத்தான்.

குழுவில் மற்றவர்களுக்கும் உதவப்போகிறீர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பழைய வங்கியின் பெயர்ப்பலகை இன்று இல்லாமல் போயிருக்கலாம். அலகாபாத் வங்கி 2020-இல் இந்தியன் வங்கியோடு இணைந்தது. சிண்டிகேட் வங்கி கனராவோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் சேர்ந்தன. பல்லவன் கிராம வங்கி 2019-இல் தமிழ்நாடு கிராம வங்கியானது. கணக்கும் கடமையும் புதிய வங்கிக்கு அப்படியே வந்துவிட்டன.

தம்பியின் கேள்விக்குப் பதில்

இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன் 15-ஆவது பிரிவின்படி, உயில் எழுதாமல் இறந்த பெண்ணின் சொத்து முதலில் மகன், மகள், கணவர் ஆகியோருக்குச் சமமாகச் சேரும். மகள் திருமணமானவரா என்ற கேள்விக்கே அதில் இடமில்லை. உங்கள் தந்தையின் பங்கும் அவர் காலத்துக்குப் பின், பாட்டி அவருக்கு முன்பே இறந்து வேறு வாரிசும் இல்லாதிருந்தால், உங்கள் இருவருக்கே வருகிறது. ஆக, உங்களுக்குப் பாதி, தம்பிக்குப் பாதி. நாமினியாக யாருடைய பெயராவது இருந்திருந்தாலும் இது மாறாது. நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்ப்பவர்தான், அவரே உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

ஆனாலும் தம்பியோடு பேசித் தீர்ப்பதே உங்களுக்கு நல்லது. இறந்தவர் கணக்கை முடித்துக்கொடுப்பது பற்றி 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி புதிய விதிகளை வெளியிட்டது. 2026 மார்ச் 31-க்குள் வங்கிகள் அவற்றை நடைமுறைக்குக் கொண்டுவரக் காலக்கெடுவும் வைத்தது. நாமினி இல்லாத கணக்கானாலும் வணிக வங்கியில் 15 லட்சம் ரூபாய் வரை எளிய நடைமுறை போதும். இறப்புச் சான்றிதழ், உரிமைகோரும் படிவம், ஈட்டுறுதிப் பத்திரம் (பின்னால் வேறொருவர் உரிமை கேட்டால் வங்கிக்கு வரும் இழப்பை ஏற்பதாக எழுதித் தருவது), மற்ற வாரிசின் ஆட்சேபம் இல்லை என்ற கடிதம், வாரிசுச் சான்றிதழ் அல்லது உங்கள் குடும்பத்தை நன்கறிந்த, வங்கி ஏற்கும் ஒருவரின் உறுதிமொழி ஆகியவை கேட்கப்படும். எல்லாம் சேர்ந்தபின் 15 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். வங்கியால் தாமதமானால் அந்தக் காலத்துக்கு இழப்பீடாக வட்டி உண்டு.

வாரிசுகளுக்குள் தகராறு என்றால் இந்த எளிய வழி அடைபட்டுவிடும். நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்று வாங்கி வரச் சொல்வார்கள். முப்பதாயிரம், நாற்பதாயிரம் ரூபாய்க்காக அக்காளும் தம்பியும் நீதிமன்றப் படி ஏறுவதில் இருவருக்குமே லாபமில்லை. பாதிப் பங்கு அவருக்கும் உண்டு என்பதை எழுத்திலேயே உறுதி சொல்லிக் கையெழுத்துக் கேட்டுப் பாருங்கள். பிடிவாதமாக மறுத்தால் கடலூர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமை இருக்கிறது.

கிளைக்கு இன்னொரு முறை போகும்போது வாய்மொழியாகக் கேட்காதீர்கள். எழுதிய விண்ணப்பம் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். கவுண்டரில் தலையை ஆட்டி மறுப்பது எளிது. எழுத்தில் மறுப்பது அவ்வளவு எளிதல்ல. 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

500 ரூபாய் கேட்டு வந்தவர்

வங்கிகளில் உரிமை கோரப்படாமல் இருக்கும் பணத்தைச் சமூகவாரியாகப் பிரித்துக் கொடுக்கும் திட்டம் இந்தியாவில் இல்லை. இன்றைய சட்டத்தில் அதற்கு வழியும் இல்லை. நிதியத்தை வைப்பாளர்களின் நலனுக்காக மட்டுமே செலவிடலாம் என்று 26ஏ பிரிவு வரையறுத்திருக்கிறது.

அவர் எதை வைத்து இந்தக் கதையைக் கட்டியிருப்பார் என்று ஊகிக்க முடிகிறது. 2025 அக்டோபர் முதல் டிசம்பர் வரை மத்திய அரசு "உங்கள் பணம், உங்கள் உரிமை" என்ற பெயரில் மாவட்டந்தோறும் முகாம்கள் நடத்தியது. அந்த முகாம்கள் உரியவர்களிடமே பணத்தைச் சேர்ப்பதற்காக நடந்தவை. பழைய கணக்குகளைத் தீர்க்கும் வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி ஓராண்டுக்கு ஊக்கத்தொகையும் அறிவித்தது. அது வங்கிக்குக் கிடைப்பது. இடைத்தரகருக்கு அதில் வேலை இல்லை. செயல்படாத கணக்கை மீண்டும் இயக்க வங்கியே கட்டணம் வாங்கக் கூடாது என்று 2024 ஏப்ரல் முதல் விதி இருக்கும்போது, வழியில் போகிறவர் எதற்காக 500 ரூபாய் வாங்குகிறார்?

பணத்தைவிட எனக்கு அந்த வெற்றுத்தாள் கையெழுத்துகள்தான் கவலையாக இருக்கின்றன. மேலே ஆட்சேபம் இல்லை என்ற கடிதம் பற்றிச் சொன்னேன் அல்லவா? கையெழுத்திட்ட வெற்றுத்தாளில் அதை யார் வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளலாம். ஆதார் நகல்களைக் கொண்டு உங்கள் ஊர்ப் பெண்களின் பெயரில் கணக்கு திறந்து மோசடிப் பணத்தைப் புரட்டினால், காவல்துறை முதலில் தேடி வருவது கணக்கின் பெயரில் இருப்பவரைத்தான். கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரும் சேர்ந்து காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். நகலைத் தங்கள் வங்கிக் கிளையிலும் கொடுக்கட்டும்.

உங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம்பிக்கையோடு செய்தீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மக்கள் பணம் கொடுத்தது உங்கள் முகத்துக்காக. நாளை அந்த நபர் காணாமல் போனால், புகாரில் முதலில் வரப்போவது உங்கள் பெயர். முந்திக்கொண்டு நீங்களே புகார்தாரராக இருங்கள்.

ஊர் மனு கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் இப்போது எழுதியிருக்கும் வடிவில் கொடுத்தால் பயன் இருக்காது. கிளையிலிருந்து ரிசர்வ் வங்கியின் நிதியத்துக்குப் பணம் போய்ச் சேர்ந்துவிட்ட பிறகு "எங்கள் பகுதிப் பணம்" என்று தனியாக ஒதுக்க எதுவும் அங்கே இல்லை. மாவட்ட ஆட்சியருக்கு அதன்மேல் எந்த அதிகாரமும் இல்லை.

உங்கள் பஞ்சாயத்தாரின் எண்ணத்தை நான் தள்ளிவிட மாட்டேன். 2023 மார்ச் இறுதியில் 62,225 கோடி ரூபாயாக இருந்த இந்த நிதியத்தின் தொகை, 2024 மார்ச் இறுதியில் 78,213 கோடியாக உயர்ந்தது. இவ்வளவு பணம் தேங்கிக் கிடக்கையில், ஏழைகளுக்குப் பயன்படக் கூடாதா என்று கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் இது யார் போட்டது என்று தெரியாத உண்டியல் காசு அல்ல. ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு பெயரும் ஒரு கணக்கு எண்ணும் இருக்கின்றன. அந்தப் பெயர்களில் உங்கள் அம்மாவைப் போல் தலைச்சுமையாக மீன் விற்றுச் சேர்த்தவர்களும் இருக்கிறார்கள். ஏழைகளுக்குக் கொடுக்க ஏழைகளின் பணத்தையே எடுக்கும் நிலை வரக் கூடாது என்பதே என் கருத்து. முதல் வேலை, உரியவரைத் தேடிக் கொடுப்பது; தேடியும் கிடைக்காத மிச்சத்தைப் பற்றி அப்புறம்தான் பேச வேண்டும்.

உரியவர் வராத பணத்தை நலிந்தவர்களுக்குப் பயன்படுத்துவது நம் நாட்டுக்கே புதிதல்ல. அஞ்சலகச் சிறுசேமிப்பு, பிபிஎஃப் எனும் பொது வருங்கால வைப்பு நிதி, தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி, காப்பீடு ஆகியவற்றில் உரிமை கோரப்படாத தொகை 2016 விதிகளின்படி மூத்த குடிமக்கள் நல நிதியத்துக்குப் போகிறது. மத்திய சமூக நீதி அமைச்சகம் அதைக் கவனிக்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள முதியோருக்கு ஊன்றுகோல், சக்கர நாற்காலி, காதுகேட்கும் கருவி தரும் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்துக்குச் செலவு அதிலிருந்துதான். ஆனால் இங்கே ஒரு கெடு உண்டு: அந்த நிதியத்துக்குப் போய் 25 ஆண்டுகளுக்குள் கேட்காவிட்டால் பணம் மத்திய அரசுக்கே சொந்தமாகிவிடும். அம்மா பெயரில் அஞ்சலகக் கணக்கோ எல்ஐசி பாலிசியோ இருந்ததா என்று தாய்மாமனிடம் கேளுங்கள். அதே பெட்டியில் இன்னும் காகிதங்கள் இருக்கலாம்.

வெளிநாடுகளில் வங்கிப் பணத்துக்கே இப்படிச் சட்டம் இருக்கிறது. அயர்லாந்து 2001-இல் சட்டம் இயற்றி, 15 ஆண்டுகள் தொடப்படாத கணக்குகளின் பணத்தைப் பொருளாதார, சமூக நிலையில் பின்தங்கியோர், கல்வியில் பின்தங்கியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்குச் செலவிடுகிறது. பிரிட்டன் 2008-இலும் ஜப்பான் 2016-இலும் தத்தம் சட்டங்களைக் கொண்டுவந்தன. மூன்று நாடுகளிலும் கணக்குதாரரின் உரிமை சாவதில்லை. பின்னாளில் வந்து கேட்பவருக்குப் பணம் கொடுக்க ஏற்பாடு இருக்கிறது.

மேற்பார்வை பற்றிய உங்கள் கேள்விக்கு அயர்லாந்தின் அனுபவம் பாடமாக இருக்கும். தொடக்கத்தில் பணத்தை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வதற்குத் தனி வாரியம் இருந்தது. 2005-இல் சட்டத்தைத் திருத்தி அந்த அதிகாரத்தை அரசாங்கமே எடுத்துக்கொண்டது; வாரியம் ஆலோசனை சொல்லும் இடத்துக்கு இறங்கியது; பின்னர் 2012-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் கலைக்கப்பட்டது. அமைச்சர்கள் கையில் முடிவு போனால் வாக்குக்கு ஏற்பப் பணம் போகும் என்ற விமர்சனம் எழுவது இயல்பு. ஜப்பானில் அரசு நேரடியாகப் பணம் கொடுப்பதில்லை. அரசால் குறிக்கப்பட்ட ஓர் அமைப்பு பகிர்ந்தளிக்கும் நிறுவனங்களைத் தேர்ந்தெடுக்கிறது. அவை களத்தில் வேலை செய்யும் குழுக்களுக்குக் கொடுக்கின்றன. மேலே அரசின் கண்காணிப்பு இருக்கிறது. படி கூடினால் காலதாமதமும் நிர்வாகச் செலவும் கூடும். இருந்தாலும் பணம் வைத்திருப்பவரும் பயனாளியைத் தேர்ந்தெடுப்பவரும் கணக்குத் தணிக்கை செய்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பதால், நான் இந்த வகையையே விரும்புவேன்.

நம் நாட்டில் இதற்கெல்லாம் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டும். ஆகவே மனுவை இரண்டாகப் பிரியுங்கள்.

முதல் மனு மாவட்ட ஆட்சியருக்கும், மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளருக்கும். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள். கடலூர் வட்டக் கடலோர ஊர்களின் முகவரியில் உள்ள உரிமை கோரப்படாத கணக்குகளின் பெயர்களைத் தமிழில் அச்சிட்டு ஊர் நடுவில் ஒட்ட வேண்டும், எல்லா வங்கிகளையும் சேர்த்து ஊரிலேயே முகாம் நடத்த வேண்டும் என்று கேளுங்கள். மீன் ஏலம் முடிகிற நேரம் பார்த்து முகாம் வைக்கச் சொல்லுங்கள். விடிகாலையில் வைத்தால் உங்கள் ஊரில் யாரும் வர முடியாது. எத்தனை கணக்குகள், மொத்தம் எவ்வளவு என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு பொதுத்துறை வங்கிகளிடம் கேட்கலாம். தனிநபர் இருப்பைச் சொல்ல மாட்டார்கள். மொத்தத் தொகையைக் கேட்பதில் தடையில்லை.

இரண்டாவது, உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் மத்திய நிதி அமைச்சகத்துக்கும். மிச்சத் தொகையில் நலிந்த சமூகங்களுக்குப் பங்கு கேட்டால், கூடவே இவற்றையும் கேளுங்கள்: உரியவரின் உரிமை என்றைக்கும் நீடிக்க வேண்டும், திருப்பிக் கொடுக்க ஒரு பகுதி எப்போதும் கையிருப்பாக இருக்க வேண்டும், யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியல் ஆண்டுதோறும் வெளியாக வேண்டும், தணிக்கை அறிக்கை நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டும், முடிவெடுக்கும் குழுவில் மீனவப் பெண்கள் போன்றோருக்கு இடம் வேண்டும். கடைசிக் கோரிக்கையை யாரும் தானாகத் தர மாட்டார்கள்.

உங்கள் குழுக்களின் பணம்

கடிதத்தில் நீங்கள் எழுதாத ஒன்று. சுனாமிக்குப் பிறகு கடலூர், புதுச்சேரிக் கரையோரங்களில் நிறையச் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கப்பட்டன. பல கலைந்துபோயின. அவற்றின் சேமிப்புக் கணக்குகளில் மிஞ்சிய தொகையும் பத்து ஆண்டு கடந்தால் இதே நிதியத்துக்குத்தான் போகும். இந்தக் கணக்குகள் ஊக்குநர், பிரதிநிதி ஆகியோரின் கூட்டுக் கையெழுத்தில் இயங்கியவை. அவர்களில் ஒருவர் இறந்திருப்பார், ஒருவர் திருமணமாகி வேறு ஊர் போயிருப்பார், அதோடு கணக்கு உறங்கிவிடும்.

உங்கள் ஊரில் அப்படி எத்தனை குழுக்கள் இருந்தன என்று விசாரியுங்கள். பழைய தீர்மான நோட்டும் உறுப்பினர் பட்டியலும் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. இருக்கிற உறுப்பினர்கள் கூடி, புதிதாகக் கையெழுத்திடுபவர்களை நியமித்துத் தீர்மானம் எழுதி, எல்லோருடைய அடையாளச் சான்றோடும் கிளையில் கொடுக்க வேண்டும். வந்த பணத்தை உறுப்பினர்களுக்குள் எப்படிப் பிரிப்பது என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதிவிடுங்கள். இறந்த உறுப்பினரின் பங்கு அவருடைய வாரிசுக்குச் சேர வேண்டும். இந்தப் பணத்தில் உங்கள் ஊர்ப் பெண்களுக்கு நேரடி உரிமை இருக்கிறது. அதற்கு எந்தச் சட்டத் திருத்தத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. தீர்மானத்தை எழுதுவதில் சிக்கல் இருந்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக வழக்கறிஞர் ஒருவரைக் கேளுங்கள், அதற்கும் கட்டணமில்லை.